கேம்பர் வேனின் ஃபைபர்கிளாஸ் கூரையைப் பழுது பார்த்து பெயிண்ட் அடித்த அனுபவம்

மண்சாலையிலும் பாறைப் பாதையிலும் ஓடுகிற கேம்பர் வேனில், யார் கண்ணிலும் படாமலே கெட்டுப்போகிற பகுதி கூரைதான். எஞ்சினில் கோளாறு என்றால் சத்தம் வரும், டயர் தேய்ந்தால் பார்த்ததுமே தெரியும். கூரையை மட்டும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால்தான் உண்டு. என் வேனில் இருப்பது எஃகுத் தகடு அல்ல, உள்ளே நிமிர்ந்து நிற்பதற்காகப் பிற்பாடு பொருத்திய உயரமான ஃபைபர்கிளாஸ் கூரை. பல வருட வெயில் வாங்கியது. மேலே இரும்புக் கேரியர், அதில் ஸ்பேர் டயரும் தண்ணீர் கேன்களும். மழை நாளில் படுக்கைக்கு நேர்மேலே உட்புறத் துணியில் பழுப்பு வட்டம் படர ஆரம்பித்ததும், கூரையை முழுவதுமாகச் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வேலை முடிந்து, அதே மாதிரி பாதைகளில் ஓட்டியும் பார்த்தாயிற்று. இதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

"என்ன பெயிண்ட் அடித்தீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த விரிசல் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று தெரியாமல் எந்த பெயிண்டை அடித்தாலும், சில கரடுமுரடான பயணங்களிலேயே அதே கோடு மேலே வந்துவிடும்.

காரணம் ஃபைபர்கிளாஸின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணாடி இழைகளை அடுக்கி, பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து இறுக விடுவார்கள். அதன் வெளிப்பக்கத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல்கோட் என்ற, நிறம் கலந்த ரெசின் படலம் இருக்கும். வெயிலையும் மழையையும் தடுப்பது அந்தப் படலம், பலம் கொடுப்பது அடியில் இருக்கும் இழை. ஜெல்கோட்டில் இழையே கிடையாது. ஆகவே கூரை வளையும்போது இழை சமாளித்துக்கொள்ளும், ஜெல்கோட் வெடித்துவிடும். நாம் பார்க்கிற மெல்லிய கோடுகளில் பெரும்பாலானவை இந்த வெடிப்புதான்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் கூரை உண்மையிலேயே ஃபைபர்கிளாஸ்தானா என்றும் பார்த்துவிடுங்கள். சில உயரக் கூரைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வருகின்றன. வென்ட் ஃபேனைக் கழற்றினால் வெட்டிய விளிம்பு தெரியும். ஃபைபர்கிளாஸ் என்றால் அங்கே இழை சிலும்பி நிற்கும், அடிப்பக்கமும் சொரசொரப்பாக இருக்கும். ஏபிஎஸ் இரண்டு பக்கமும் வழவழப்பாக, வெட்டு ஒரே சீராக இருக்கும். அதற்கான பசையும் பழுது முறையும் வேறு, இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

விரிசலின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பிரிந்தால், அங்கே ஒரு போல்ட் இழுத்திருக்கிறது அல்லது கிளை ஏதாவது பலமாக மோதியிருக்கிறது. ஒரு வளைவை ஒட்டி இணை இணையாகக் கோடுகள் ஓடினால், அந்தப் பகுதி திரும்பத் திரும்ப வளைகிறது. கூரை முழுக்க வலைப்பின்னலாக இருந்தால் பெரும்பாலும் வயதும் வெயிலும், அல்லது ஆரம்பத்திலேயே ஜெல்கோட்டைக் கனமாகப் போட்டது. என் கூரையில் கேரியர் கால்களைச் சுற்றி நட்சத்திரங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நெற்றிப் பகுதியில் இணைக் கோடுகள். அழுக்கைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த கறுப்பு மையைத் துணியில் தொட்டுத் தேய்த்து உடனே துடைத்தேன். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோடுகளெல்லாம் கறுப்பு இழைகளாக எழுந்து நின்றன. அவற்றின் முனைகளில் பென்சிலால் குறியிட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டிருந்தேன். வந்து பார்த்தவர், "பெயிண்ட் டப்பாவை ஓரமா வை தம்பி. முதல்ல கூரை பூரா தட்டிக் கேளு" என்றார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் பிளாஸ்டிக் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக இருக்கிற இடத்தில் 'டங்' என்று இறுகிய ஒலி. அடுக்கு பிரிந்த இடத்திலும் உள்ளே ஈரம் ஏறிய இடத்திலும் 'டப்' என்று செத்த ஒலி. ஒலி மாறும் எல்லையைக் கோடாக வரைந்தபோது, பழுப்பு வட்டத்தைவிட அது பல மடங்கு பெரியதாக இருந்தது. கேரியரின் பின்கால்கள் இரண்டைச் சுற்றியும், வென்ட் ஃபேனின் ஒரு பக்கமும் அந்தக் கோட்டுக்குள் வந்தன. அந்த இடங்களில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட் வைத்திருந்தார்கள். போல்ட் துளை வழியே இறங்கிய தண்ணீரை பிளைவுட்டின் விளிம்பு உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது.

கேரியர், சோலார் பேனல், வென்ட் ஃபேன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இவற்றைச் சுற்றி டேப் ஒட்டி பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை, கசிவு அவற்றுக்கு அடியில்தான் இருக்கிறது. அடுத்த எதிரி பழைய சிலிக்கான். உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதைப் பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, சிலிக்கான் ரிமூவரால் கரைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு மெழுகும் பிசுக்கும் நீக்கும் கரைப்பானால் துடைக்க வேண்டும். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றி முதலில் தேய்த்தால், மெழுகும் சிலிக்கானும் கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். கடைசியில் பெயிண்ட் அடிக்கும்போது, அந்த இடங்களில் பெயிண்ட் விலகிச் சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர்கிளாஸைக் கிரைண்டரில் தேய்க்கும்போது வருகிற தூசி தோலில் குத்தும், நுரையீரலுக்குள் போனால் அதைவிடக் கெடுதல். துணி மாஸ்க் போதாது. பி3 அல்லது பி100 தரத்து ஃபில்டர் உள்ள ரப்பர் முகமூடியும், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும், கைநீளச் சட்டையும் வேண்டும். ரெசின் கலக்கும்போது ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் தனி. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். கூரை மேல் ஏறி உட்காராமல், பக்கத்தில் சாரம் கட்டி நின்றே வேலை செய்யுங்கள். பிரிந்த அடுக்கின் மேல் ஆள் பாரம் விழுந்தால் பழுது இன்னும் பரவும்.

பென்சில் கோட்டை ஒட்டி மேல் அடுக்கை மட்டும் வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்த பிளைவுட் கறுத்து, விரலால் அழுத்தினாலே நாராக உதிர்ந்தது. கெட்டதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாகக் காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டால் புது அடுக்குக்குள் பழைய தண்ணீரை நாமே சிறை வைக்கிறோம்.

பிளைவுட்டுக்குப் பதிலாக, தண்ணீர் குடிக்காத மூடிய அறைகளுள்ள பிவிசி ஃபோம் வைத்தேன். ஆனால் போல்ட் வருகிற இடத்தில் ஃபோம் கூடாது. இறுக்கும்போது நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும், தளர்ந்தால் மறுபடி கசிவு. அந்த இடங்களை மட்டும் ஃபைபர் அடுக்காலேயே கட்டியாக நிரப்பினேன்.

வெட்டிய விளிம்பை நேர்க்குத்தாக விடக் கூடாது. சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது இந்த வேலையில் பழகிய கணக்கு: அடுக்கின் கனம் 3 மி.மீ. என்றால் சுற்றிலும் 36 மி.மீ. அகலத்துக்குச் சரிவு. பழைய இழைக்கும் புது இழைக்கும் நடுவே சுமை கைமாற அவ்வளவு இடம் தேவை. பார்க்கும்போது நல்ல பகுதியையும் வீணாகத் தேய்க்கிறோமோ என்று தோன்றும். தேய்த்தே ஆக வேண்டும்.

ரெசின் எது என்பதில் ஒரு முறைதான் முடிவெடுக்க முடியும். பழைய பாலியெஸ்டர் மேல், எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்ஸி மேல் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ சரியாகப் பிடிக்காது. மேலே மறுபடி ஜெல்கோட் போடப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலிருந்தே பாலியெஸ்டர் குடும்பத்தில் இருங்கள். பெயிண்ட்தான் என்றால் எபாக்ஸி. நான் எடுத்தது எபாக்ஸி. கடையில் பொதுவாகக் கிடைக்கும், துண்டு இழைகளால் ஆன 'மேட்' விரிப்பில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் அது கரையாது. எபாக்ஸிக்கு நெய்த துணியோ, இழைகளைத் தைத்துச் சேர்த்த துணியோ வாங்குங்கள்.

எபாக்ஸியில், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரின் அளவு மருந்து மாதிரி. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றினால் வேகம் கூடாது, கடைசிவரை மெத்தென்றே நிற்கும். பாலியெஸ்டரில் வேறு கணக்கு. பெராக்சைடு ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 சதவீதம், வெப்பத்துக்கு ஏற்றபடி. அந்தப் பெராக்சைடையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எந்தக் காரணம் கொண்டும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். கலந்த ரெசினை ஆழமான கப்பிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும். அகலமான தட்டில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பயன்படுத்துங்கள்.

முதலில் பெரிய துண்டு, அதன் மேல் சற்றுச் சின்னது, அதன் மேல் இன்னும் சின்னது என்று வைத்துக்கொண்டு போனேன். பிறகு சமப்படுத்தித் தேய்க்கும்போது மேலே இருக்கும் சின்னத் துண்டின் ஓரம்தான் அறுபடும், பழைய அடுக்கோடு நெடுகப் பிடித்திருக்கும் பெரிய துண்டுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைத் துணி ரெசின் குடித்ததும் நிறம் மங்கி, அடியில் நாம் போட்ட பென்சில் கோடு தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிடும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி நின்றால் அது காற்று. வரிப்பள்ளம் வைத்த உலோக ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அதை வெளியேற்ற வேண்டும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த கட்டம் இதுதான். சரியாகச் செய்கிறோமா என்பதைத் துணியே காட்டிக்கொண்டிருக்கும்.

இறுகிய எபாக்ஸி மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரும் நைலான் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி எடுத்த பிறகே உப்புத்தாள். தின்னரால் துடைத்தால் அது முழுசாகப் போகாது, பரவத்தான் செய்யும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நட்சத்திர விரிசல்களை 'வி' வடிவில் கீறித் திறந்து, சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புவது எல்லோரும் செய்வது. எடை குறைந்த பட்டியைக் கடைசியில் மட்டம் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விரிசலுக்குள் அடைக்காதீர்கள். ஆனால் அந்தப் போல்ட் மறுபடி அதே மாதிரி இழுத்தால் எதை நிரப்பி என்ன? தார்ச்சாலையில் கேரியர் மேல் அசையாமல் நிற்கும் 40 கிலோ, பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அதைப் போலப் பல மடங்கு விசையாக அந்தக் கால்களில் இறங்கும். தயாரிப்பாளர்கள் பலர் கரடுமுரடுப் பாதைக்கென்று குறைந்த சுமை அளவைத் தனியாகத் தருவது இதனால்தான். நான் கேரியரின் கால்களை ஃபைபர் கூரையிலிருந்தே விலக்கிவிட்டேன். எஃகு உடம்பின் மேல்விளிம்பில் ஓடும் மழைநீர்க் காடியைப் பிடிக்கிற நீண்ட கால்களுக்கு மாற்றினேன். ஸ்பேர் டயர் பின்கதவுப் பக்கம் போயிற்று. கூரை இப்போது தன் பாரத்தையும் சோலார் பேனலையும் மட்டும் தாங்குகிறது. இந்த மொத்த வேலையில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், இதில் ஒரு துளி ரெசின்கூடச் செலவில்லை.

சோலார் பேனலின் போல்ட்களுக்குத் துளையைப் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுதுளை போட்டேன். இனி சீலண்ட் எப்போதாவது தோற்றாலும் தண்ணீர் நடு அடுக்கைத் தொடாது. துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகக் குடைந்தால் ஜெல்கோட் அங்கிருந்து வெடிக்கத் தொடங்காது, சீலண்டும் வளையமாகத் தங்கும். உள்ளே சாதாரண வாஷர் போதாது, உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தகடு வைத்தேன்.

நெற்றிப் பகுதியின் இணைக் கோடுகளுக்கு வைத்தியம் உட்பக்கத்தில். உட்புறத் துணியைப் பிரித்து, கோடுகளுக்குக் குறுக்காக ஃபோம் பட்டைகளை ஒட்டி, அவற்றின் மேல் துணியும் எபாக்ஸியும் போர்த்தி விலா எலும்பாக இறுக வைத்தேன். அதற்கு முன்பு அந்த இடத்தைக் கையால் அழுத்தினால் உள்ளே போகும், பிறகு அசையவில்லை. அதன் பிறகுதான் வெளிக்கோடுகளைத் திறந்து நிரப்பினேன்.

கூரையும் வேன் உடம்பும் சேரும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சூட்டில் ஃபைபர்கிளாஸ் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 4 மீட்டர் நீளக் கூரையில் குளிர் இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே இந்த வித்தியாசம் சில மில்லிமீட்டர் வரும். அதோடு கரடுமுரடில் உடம்பு முறுக்கும் முறுக்கு வேறு. இணைப்பில் பாலியூரிதேன் அல்லது எம்எஸ் பாலிமர் போன்ற இழுபடும் சீலண்ட் வேண்டும். அதுவும் முழுக்கப் பிதுங்கி வெளியே வரும்படி இறுக்காமல் 2 முதல் 3 மி.மீ. கனமாவது உள்ளே நிற்க வேண்டும். கெட்டியான பட்டியால் அந்த இடைவெளியை அடைத்தால் ஓரம் முழுக்கப் பிளந்துவிடும்.

இப்போது பெயிண்ட். நிறத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, வெள்ளைதான். கறுப்பும் கரும்பச்சையும் வேனுக்கு எடுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அப்போது பழுது பார்த்த இடத்தில் துணியின் நெசவு பெயிண்டுக்கு மேலே அச்சாகத் தெரியும். எபாக்ஸியை வெயிலுக்கு நேராகக் காட்டவே கூடாது என்பதால் பெயிண்டைத் தவிர்க்கவும் முடியாது.

ரப்பர் மாதிரி நீளும் கனமான வெள்ளைப் பூச்சுகளை விரிசலுக்கு மேலேயே அடிக்கச் சொல்வார்கள். நிற்கும் வேனுக்கு அது ஓரளவு சரி. மரக்கிளை உரசும் பாதையில் அது கிழியும், பிறகு அதன் மேல் பெரும்பாலும் வேறு பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிக்கு அடிக்கிற சொரசொரப்பான யூரிதேன் பூச்சு கிளைகளைத் தாங்கும். ஆனால் எடையும் அழுக்கும் கூடும். அதனால் கிளைகள் நேராக மோதுகிற நெற்றி விளிம்பில் மட்டும், வெள்ளை நிறத்திலேயே அதை அடித்தேன். மற்ற இடமெல்லாம் இரு பாக எபாக்ஸி பிரைமர், அதன் மேல் இரு பாகப் பாலியூரிதேன், ரோலரில். இந்தப் பாலியூரிதேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் உண்டு. அதை ஸ்ப்ரே கன்னில் அடிப்பதென்றால் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி கட்டாயம், அந்த வசதி இல்லாமல் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். ரோலரில் அடித்தாலும் கையுறையும் ஆவி முகமூடியும் வேண்டும்.

பட்டிக்கு 80, அதன் பின் 180, பிரைமர் காய்ந்ததும் 320 உப்புத்தாள். பிரைமர் மேல் கறுப்பு பெயிண்டை லேசாகத் தூவித் தேய்த்தால் பள்ளங்களில் கறுப்பு நிற்கும், விரலுக்குத் தெரியாததைக் கண் பிடித்துவிடும். பெயிண்ட் அடிக்கும் நேரத்தில், கூரைப் பரப்பின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காலையில் ஈரம் முழுக்க விலகிய பிறகு நிழலில் ஆரம்பித்து, மாலை ஈரம் இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டேன். நான் ஃபோம் ரோலரால் மெல்லிசாக உருட்டிக்கொண்டு போக, என் தங்கை பின்னாலேயே நல்ல பிரஷ்ஷின் நுனியால் குமிழிகளை நீவிக்கொண்டு வந்தாள். "அண்ணா, அந்த ஓரம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு, அங்க திரும்பப் போகாத" என்று அவள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. பாதி காய்ந்த விளிம்பில் ரோலரை மறுபடி வைத்தால் தடம் நிரந்தரமாக நின்றுவிடும். இந்த வேலைக்கு இரண்டு பேர் அவசியம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே போல்ட் மாட்டாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் முழு இறுகல் காலம் முடியட்டும், இல்லையென்றால் வாஷருக்கு அடியில் பெயிண்ட் வழுக்கி மடியும்.

கரடுமுரடான பயணம் முடிந்து வந்ததும் இப்போது பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறேன். கேரியர் கால்கள் இருந்த இடங்கள் சுத்தமாக இருக்கின்றன, தட்டினால் 'டங்' என்கின்றன. நெற்றியின் இடது மூலையில், விலாப் பட்டை முடிகிற இடத்தைத் தாண்டி, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு வந்திருக்கிறது. அதன் முனைகளில் பென்சில் குறி போட்டிருக்கிறேன். குறியைத் தாண்டி வளர்ந்தால், உட்புறத் துணியை அந்த மூலையில் மட்டும் பிரித்துப் பட்டையைப் பக்கச்சுவர் வரை நீட்டிவிடுவேன். அதற்கான ஃபோமும் துணியும் எடுத்து வைத்தாயிற்று. மிச்சமிருந்த பெயிண்ட் ஹார்டனரைச் சின்ன டப்பாவில் வாய்வரை நிரப்பி இறுக மூடி வைத்திருக்கிறேன். காற்றின் ஈரம் பட்டால் அது கெட்டுவிடும், கெட்டதைக் கலந்தால் பெயிண்ட் காயாது.